நாலரை இஞ்சு

படம் வந்தபோது பஞ்சநதம் திருவையாற்றுப் பக்கம் ஒரு புதுக் கட்டிடத்தில், கான்கிரீட் போடுவதற்கான பலகைகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் செல்போன் இரண்டு முறை உறுமியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இருட்டுக்குள் டார்ச் அடித்து எடுத்த படம். ஏழு இஞ்சு உயரத் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு கட்டையின் அடிவயிற்றிலும் ஒரு வெட்டு. எல்லா வெட்டுக்குள்ளும் புகுந்து ஒரு வெள்ளை பைப் போயிற்று. முதல் கட்டையில் வெட்டு பாதி உயரத்துக்கு மேலேயே ஏறியிருந்தது. அதன் மூலையிலிருந்து கிளம்பிய விரிசல் கட்டையின் நீளத்துக்கு ஓடியிருந்தது.

பஞ்சநதம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருஷமாக உள்ளேயே கிடந்த சிரிப்பு அது. கூட வேலை செய்தவர்கள் மனிதருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள்.

அடுத்த நிமிஷமே படம் அனுப்பியவன் கூப்பிட்டான். ஏசி மெக்கானிக் சலாஹுதீன்.

"அண்ணே, திருக்காட்டுப்பள்ளி நாகம்மா வீட்டுல ஏசி தண்ணி ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க. சீலிங்குல ஒரு சதுரத்தைக் கழட்டினேன். பார்த்ததும் உங்க மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு."

"அந்தம்மா பார்த்துச்சா?"

"ஏணியில ஏத்திக் காட்டிட்டேன். எறங்கினவங்க இன்னும் வாயே தொறக்கல."

"நல்லதாப் போச்சு. நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் தொறக்க வேணாம்னு சொல்லு."

நாகம்மாள் வீட்டில் மாடித் தரை முழுக்கப் பலகை. பலகையைத் தாங்குவது பதினோரு தேக்குக் கட்டைகள். வெளிநாட்டில் இருக்கும் மகன் ராம்கி குடும்பத்தோடு வந்து தங்க வசதியாக மாடியில் ஒரு குளியலறை வேண்டும் என்று இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் ஆசைப்பட்டாள். காண்ட்ராக்ட் எடுத்தவன் குணசேகரன், பஞ்சநதத்தின் தங்கை ஷோபனாவின் புருஷன். உளுத்துப்போயிருந்த இரண்டு கட்டைகளை மாற்றித் தர மச்சானையே அழைத்து வந்தான். பஞ்சநதம் நாலு மரக்கடை ஏறி இறங்கி, வைரம் பாய்ந்த தேக்காகத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டும் வந்தார்.

"மாப்ள, பைப்பைக் கட்டைக்குக் கீழ தொங்க விடு. கட்டையில கை வெக்காத. வெட்டித்தான் ஆகணும்னா சுவத்தோரமா, மேல்பக்கமா, ஒரு இஞ்சு. அடியில நடு மத்தியில வெட்டினா அப்புறம் அது கட்டையே இல்ல."

குணசேகரன் தலையை ஆட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது.

பைப்பைத் தொங்க விட்டால் அதை மறைக்கும் சீலிங் நாலு இஞ்சு இறங்கும். இறங்கினால் கூடத்தில் நிற்கும் கண்ணாடி பீரோவின் தலைக் கிரீடம் இடிக்கும். பீரோவை நகர்த்த நாகம்மாளுக்கு மனமில்லை. ஒரு பீரோவின் கிரீடத்துக்காக, மச்சான் போன மறுநாளே மிஷின் வைத்துப் பதினோரு கட்டையையும் அடியிலிருந்து வெட்டி பைப்பை உள்ளே புதைத்தான். குளியலறைப் பக்கம் தண்ணீர் கிளம்புகிற இடத்தில் வெட்டு ஆழமாகவும், போகப் போகச் சரிவுக்காகக் குறைவாகவும் இருந்தது. அதன்மேல் வெள்ளை சீலிங்கை மாட்டியதும் எல்லாம் பார்க்க லட்சணமாகிவிட்டது.

ஆறு மாதம் தாங்கியது. ஆடிப் பதினெட்டன்று சொந்தக்காரர்கள் மாடி நிறைய உட்கார்ந்திருந்தபோது கீழே படீரென்று சத்தம் கேட்டது. தரை ஒன்றரை இஞ்சு இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. குணசேகரன் ஓடி வந்தான். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கூடத்துக் கதவைச் சாத்தினான். சீலிங்கைத் தானே திறந்தான், ஓர் இரும்புத் தூணை முட்டுக் கொடுத்தான், மறுபடி மூடினான். வெளியே வந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னான்.

"சப்பை."

தேக்கு மரத்தில் பட்டையை ஒட்டி வெளுப்பாக இருக்கும் பகுதிதான் சப்பை. பலமில்லாதது, பூச்சிக்குத் தீனி. அதைக் கட்டையாகப் போடுகிறவன் திருடன் என்பது தச்சுவேலை தெரியாதவனுக்கும் தெரியும். ஒடிந்தது பஞ்சநதம் போட்ட புதுக் கட்டையாகவே இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள். நாகம்மாள் ஆள் விட்டு அவரை வரவழைத்து, ஆடிப்பெருக்குக்கு வந்திருந்த அத்தனை சனத்துக்கும் நடுவில், "சப்பையைக் கொண்டாந்து எங்க தலைக்கு மேல சொருகிட்டியே" என்றாள். ஒரே ஒரு தடவை சீலிங்கைத் திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சினார். "நீ பார்த்தது போதும்" என்று கதவைக் காட்டிவிட்டாள்.

அதிலிருந்து அவர் பெயர் சப்பைப் பஞ்சநதம். பூதலூர் வரைக்கும் அந்தப் பெயர் பரவியது. நிலைக்கதவு செய்ய அழைப்பவர்கள் நின்றுபோனார்கள். உளி பிடித்த கை கான்கிரீட் பலகைக்கு ஆணி அடிக்கப் போயிற்று. டீக்கடையில் யாராவது பெஞ்சு ஆடுகிறது என்றால்கூட அவரைப் பார்த்து ஓரக்கண்ணால் சிரித்தார்கள். பஞ்சநதம் மறக்கிற ஆள் இல்லை. மறந்துவிடு என்று புத்தி சொன்னவர்களைக்கூட அவர் மறக்கவில்லை.

தங்கை அன்றிலிருந்து பேசவில்லை. அவளைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தவர் அவர்தான். படித்த படிப்பு வீணாகாமல் புருஷனோடு வேலை நடக்கும் இடத்துக்கெல்லாம் போய் மேற்பார்வை பார்த்துவந்தாள். புருஷனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் பாவம் அவள் என்ன செய்வாள் என்று பஞ்சநதமே தன் மனைவி மங்களாம்பிகையிடம் சொல்வார். போன மாதம் ஷோபனா தனியாகத் தட்டோடு வந்தாள். பூதலூரில் கட்டியிருக்கும் புது வீட்டுக்கு ஆவணியில் கிரகப்பிரவேசம். "வந்துடுண்ணே" என்று மட்டும் சொன்னாள். முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சநதம் பத்திரிகையைத் தொடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை நாகம்மாள் வீட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது பஞ்சநதத்துக்கு எரிச்சலைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. சலாஹுதீன் சீலிங் முழுவதையும் கழற்றியிருந்தான். பஞ்சநதம் ஏணி போட்டு ஒவ்வொரு வெட்டையும் அளந்தார். அளந்ததைச் சத்தமாகச் சொன்னார். நாலரை. நாலேகால். நாலு. குறைந்துகொண்டே போய்க் கடைசிக் கட்டையில் இரண்டரை. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாகம்மாள் ஒவ்வொரு அளவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தாள்.

"கண்ணால பார்க்காம பேசிட்டேன், பஞ்சநதம்" என்றாள் கடைசியில்.

"காதாலயும் கேக்கலையே அத்தை. தெறந்து காட்டுங்கன்னு கெஞ்சினேனே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் அதை நின்று ரசித்தார். நாகம்மாளே கேட்டாள்.

"இதைச் சரி பண்ண முடியுமா? இல்ல, மாடியையே இடிச்சுப்புடணுமா?"

"முடியும். ஆனா ரெண்டு விஷயம். வேலை முடியற வரைக்கும் குணசேகரன் காதுக்குப் போகப்படாது. அப்புறம், ஒடிஞ்ச கட்டை எனக்கு வேணும்."

"ஒடிஞ்ச கட்டையை வெச்சு என்ன பண்ணப் போற?"

"சீர் வெக்கப் போறேன்."

நாகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். புது வீட்டுக்குப் பெண்ணின் பிறந்த வீட்டுச் சீர் மேளத்தோடு வரும். தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்கும். வந்த சீரைத் திருப்பி அனுப்பக் கூடாது, அறைக்குள் ஒளித்து வைக்கவும் கூடாது. நடுக்கூடத்தில் பரப்பி வைத்து வருகிறவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும். இது அவளுக்கும் தெரிந்ததுதான். அவளுக்கும் பத்திரிகை வந்திருந்தது.

"நானும் அன்னைக்கு வந்துடுறேன்" என்றாள். இரண்டு வருஷம் ஏமாந்தவளுக்கும் ஒரு கோபம் இருக்குமல்லவா.

வேலை ஒன்பது நாள் பிடித்தது. முதலில் மாடியில் இருந்த கட்டில், அலமாரி எல்லாவற்றையும் இறக்கிப் பாரத்தைக் குறைத்தார்கள். பைப்பை உருவி எறிந்தார்கள். குளியலறைச் சுவரில் ஓட்டை போட்டுக் கொல்லைப்புறமாக இறக்கியபோது மூன்றே அடி பைப்பில் காரியம் முடிந்தது. பஞ்சநதம் அந்த மூன்றடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு கூடத்தின் தரையில் பலகை போட்டு, அதன்மேல் இரும்பு ஜாக்கிகளை நிறுத்தி, ஜாக்கிக்கும் கட்டைக்கும் நடுவே இன்னொரு பலகை கொடுத்தார். குணசேகரன் வைத்த தூணை அப்புறப்படுத்தினார். ஒன்றரை இஞ்சு இறங்கிய தரையை ஒரே மூச்சில் தூக்கினால் மேலே பலகை தெறிக்கும், சுவர் விரிசல் விடும். அதனால் காலையில் ஒரு திருகு, சாயங்காலம் ஒரு திருகு. திருகியதும் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். மரம் முனகும். முனகல் அடங்கும் வரை நிற்பார். ஒவ்வொரு திருகுக்கும் மாப்பிள்ளையை ஒரு வசவு வைதார். ஒரு தடவை சொன்னது மறுதடவை வராமல் பார்த்துக்கொண்டார். கூட நின்ற இரண்டு ஆட்களும் திருகு நடந்த மூன்று நாளில் புதுசு புதுசாக வசவு கற்றுக்கொண்டார்கள்.

தரை மட்டத்துக்கு வந்தபின், வெட்டுப்பட்ட கட்டைகளுக்கு ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் அதே உயரத்தில் சுவருக்குச் சுவர் எட்டும்படி புதுப் பலகையை அணைத்துக் கொடுத்தார். மூன்றும் ஒன்றாகும்படி துளைத்து போல்ட் முடுக்கினார். போல்ட்டுகளை ஒரே கோட்டில் போட்டால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும் என்பதால் மேலொன்று கீழொன்றாகப் போட்டார். ஆள் ஒருவன் வெட்டுக்குள் ஒரு மரத்துண்டைச் செருகி அடைத்துவிடலாமே என்றான்.

"அது ஏமாத்து வேலை. பார்க்கத்தான் அடைஞ்சிருக்கும், பாரம் தாங்காது. அந்த மாதிரி வேலைக்கு வேற ஆளு இருக்கான், பூதலூர்ல" என்றார்.

ஏழாம் நாள் முதல் கட்டைக்கு வந்தார். அது பலகை அணைத்துக் காப்பாற்றும் நிலையில் இல்லை. முழுசாக இறக்கிவிட்டு வேறு கட்டை ஏற்ற வேண்டியதுதான். இருபுறமும் ஜாக்கி தாங்க, நாலு பேர் பிடித்து அதைத் தரையில் கிடத்தினார்கள். வைரம் பாய்ந்த தேக்கு. ஒரு விரற்கடை சப்பை கிடையாது. பஞ்சநதம் அதைத் தடவிக் கொடுத்தார். குற்றம் சொல்லப்பட்ட கட்டை குற்றமில்லாமல் அவர் காலடியில் கிடந்தது.

புரட்டிப் போட்டார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்ததால் இதுவரை யார் கண்ணிலும் படாத முகம் மேலே வந்தது. வெட்டுக்குச் சற்று மேலே சிவப்புப் பென்சிலில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள் "4½ வெட்டு" என்று எழுதியிருந்தது. பெட்டியின் அடிக்கோடு மட்டும் இரண்டு தடவை இழுக்கப்பட்டிருந்தது.

பஞ்சநதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஷோபனா எட்டாவது படிக்கும்போது அவர் பட்டறையில் நிலைக்கதவுத் துண்டுகளுக்கு அடையாளம் எழுதித் தருவாள். இது மேல், இது இடது என்று எழுதி, சுற்றிப் பெட்டி போட்டு, அடிக்கோட்டை இரண்டு தடவை இழுப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பதான் உன் கிறுக்கலோட கலக்காதுண்ணே" என்றாள். ஆயிரம் துண்டுகளில் பார்த்த பெட்டி அது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, இன்னும் பலகை அணைக்காமல் விட்டிருந்த கடைசிக் கட்டையின் மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே பெட்டி, "2½ வெட்டு". முதலுக்கும் கடைசிக்கும் குறி போட்டு, நடுவில் நூல் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். சரிவு கனகச்சிதம். படித்த படிப்பு தெரிந்தது.

எந்தக் கட்டையை எங்கே வெட்டக் கூடாது என்பதும் அவள் படித்த படிப்பில் உண்டு. ஒடிந்த அன்றே அவளுக்குத் தெரியும். அண்ணனைச் சப்பை என்று ஊர் சொன்னபோதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் தட்டோடு வந்து முகத்தைப் பாராமல் நின்றிருக்கிறாள். மாப்பிள்ளைமேல் இருந்த கோபம் காய்ச்சல் மாதிரி என்றால் இது வேறு. இது குளிரெடுத்தது.

வெட்டு நடுவில் வருமாறு மூன்றடித் துண்டாக அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மங்களாம்பிகை பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பெட்டி தெரியும். அதன் அடிக்கோட்டை விரலால் தடவிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, வெட்டு ஒண்ணே போதாதா? ரெண்டு இழைப்பு இழைச்சா எழுத்துப் போயிடும். மாப்பிள்ளை மாட்டிக்குவாரு. ஷோபனா தப்பிச்சுக்குவா."

"என்னை யாரு தப்பிக்க விட்டா?"

"அவ உங்க தங்கச்சிங்க."

"அதான் சொல்றேன். தங்கச்சி."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. கிரகப்பிரவேசத்தன்று காலையில் சீர்த்தட்டுகளை அடுக்கும்போது, சின்ன இழைப்புளி ஒன்றை ஒரு துணிப்பையில் போட்டு அவர் தோளில் மாட்டிவிட்டாள். "வழியில மனசு மாறினா" என்றாள். அவர் பையைக் கழற்றவில்லை.

தேங்காய், பழம், பூ, பாத்திரம், தங்கைக்குப் பட்டுப்புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி என்று பத்துத் தட்டுகள். பதினோராவது, புது மஞ்சள் துணியில் சுற்றிப் பூச்சரம் கட்டிய நீளமான ஒன்று. அதை அவரே தலையில் வைத்துக்கொண்டார். ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். பூதலூர் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து வாசித்துக்கொண்டே நடந்தார்கள். சலாஹுதீன் ஒரு தட்டைச் சுமந்து முன்னால் போனான். பஞ்சநதம் இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. இன்று தலையில் பாரம் இருந்ததால் நிமிர்ந்துதான் நடக்க வேண்டியிருந்தது.

வீடு நன்றாகத்தான் இருந்தது. வாசலில் வாழைமரம், பந்தல், நாற்காலிகள் நிறையச் சனம். குணசேகரனுக்கு வேலை கொடுத்தவர்கள், இனிக் கொடுக்கப் போகிறவர்கள், இரண்டு இன்ஜினியர்கள். முன்வரிசையில் நாகம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். பட்டு வேட்டியில் குணசேகரன் மச்சானைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மச்சான் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான்.

ஷோபனா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள்.

"வந்துட்டியாண்ணே" என்றாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள். பஞ்சநதத்தின் தோளில் பை கனத்தது. கொஞ்சம் இருங்கள், தலைப்பாரத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று பந்தலுக்குப் பின்னால் போனால் போதும். இரண்டே இழைப்பு. மங்களாம்பிகை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சப்பை மச்சான் வந்துட்டாருய்யா, எடம் விடுங்க" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஷோபனா அந்தச் சிரிப்பைக் கேட்டாள், கேட்காதவள்போல் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். பஞ்சநதம் அதைப் பார்த்தார்.

நேரே உள்ளே போய் நடுக்கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தில் கட்டையை வைத்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். பூச்சரத்தை எடுத்துவிட்டு மஞ்சள் துணியைப் பிரித்தார்.

புது வீட்டுக்கு எவனாவது ஒடிந்த மரத்தைக் கொண்டுவருவானா என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

"என்ன மச்சான் இது?" என்றான் குணசேகரன். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"சீர் மாப்ள. நாகம்மா அத்தை வீட்டு மாடியில நான் போட்ட கட்டை. சப்பைன்னு சொன்னியே, அதேதான். எல்லாரும் வந்து பாருங்க. இன்ஜினியர் சாருங்க ரெண்டு பேரும் வாங்க. இதுல எங்க சப்பை இருக்குன்னு காட்டுங்க."

இன்ஜினியர்களில் ஒருவர் குனிந்து வெட்டைப் பார்த்தார். விரலை விட்டு அளந்தார். "அடியில நாலரை இஞ்சு வெட்டியிருக்கு. எந்த மரமா இருந்தாலும் ஒடியத்தான் செய்யும்" என்றார்.

"இந்திக்காரப் பசங்க வெட்டியிருப்பானுங்க. எனக்கு என்ன தெரியும்? நான் அந்த நேரம் அங்க இல்ல" என்று குணசேகரன் கையை விரித்தான்.

நாகம்மாள் எழுந்து வந்தாள். கட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நாலரை, வெட்டு. ஏம்ப்பா குணசேகரா, இந்திக்காரன் தமிழ்லயா எழுதுவான்?"

யாரோ கெக்கலித்தார்கள். குணசேகரனின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. பஞ்சநதம் அவனைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது தங்கையை. அவள் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அதை இழைத்துவிட்டிருக்கலாம் என்பது தச்சன் தங்கைக்குத் தெரியாதா? இழைக்காமல் கொண்டுவந்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது.

"நான் எழுதினது" என்றாள்.

"ஏய், உள்ள போ" என்றான் குணசேகரன்.

"போகல. அது என் எழுத்து. கட்டை சப்பை இல்ல, எங்கண்ணன் போட்டது நல்ல தேக்கு. வெட்டக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டுப் போச்சு. இவரு வெட்டணும்னாரு, நான் அளவு போட்டுக் குடுத்தேன். ஒடிஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். வெளியில சொன்னா இவருக்கு வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "போதுமாண்ணே?"

இந்த வார்த்தைகளை அவர் எத்தனை தடவை மனசுக்குள் கேட்டிருக்கிறார். குணசேகரன் வாயால் கேட்பதாகத்தான் நினைத்திருந்தார்.

"சீர் வெச்சாச்சு. சாப்பாடு போடுங்க" என்றார்.

சீர் கொண்டுவந்தவர்களுக்கு முதல் பந்தி. வீட்டுக்காரன் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். குணசேகரனால் ஓடவும் முடியவில்லை, ஒளியவும் முடியவில்லை. பஞ்சநதம் நடு இலையில் உட்கார்ந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார்.

"மாப்ள, சாம்பார்." ஊற்றினான். "மாப்ள, அப்பளம் ஒண்ணு." வைத்தான். "அது நொறுங்கியிருக்கு. வேற வை." வேறு எடுத்துவந்தான். பட்டு வேட்டியில் சாம்பார் தெறித்திருந்தது. அண்டை இலைக்காரர் குனிந்து, "எங்க வீட்டு மாடியும் நடந்தா லேசா அசையுதுங்க, பஞ்சநதம். ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்றார். எதிர்வரிசையில் இருந்தவர் நிலைக்கதவு ஒன்று செய்ய வேண்டும் என்றார். சப்பை என்ற சொல் அந்தப் பந்தியில் ஒருவர் வாயிலும் வரவில்லை. பஞ்சநதத்துக்கு ஒவ்வொரு கவளமும் இனித்தது. பொய் சொல்வானேன், குணசேகரன் குனிந்து குனிந்து நிமிரும்போதெல்லாம் வயிறு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது.

பாயச வாளியோடு ஷோபனா வந்தாள். ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டு அண்ணன் இலைக்கு முன்னால் வந்து குனிந்தாள். கரண்டி இலைக்கு மேலே வந்தபோது பஞ்சநதம் இடது கையை விரித்து இலையை மூடினார்.

"ஒரு கரண்டிண்ணே" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"உன் கையால எழுதினதைத் தலையில சொமந்துக்கிட்டு வந்தேன். உன் கையால சாப்பிடவும் செய்யணுமா?"

கரண்டியிலிருந்து பாயசம் அவர் விரல்மேல் சொட்டியது. சூடாகத்தான் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அவள் கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

விசேஷ வீட்டில் சாப்பிட்டவர்கள் இலையைத் தம் பக்கமாக மடிப்பார்கள். இந்த உறவு தொடர வேண்டும் என்பது அதன் அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். பஞ்சநதம் எழுந்திருக்கும் முன்னால் இலையின் தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்தார். நிதானமாக, எல்லாரும் பார்க்க, எதிர்ப்பக்கமாக மடித்து அழுத்திவிட்டார். மங்களாம்பிகை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இலை எடுக்கிற பெண் வாளியோடு வந்தாள். ஷோபனா அவளைக் கையால் விலக்கிவிட்டு, அண்ணன் மடித்தபடியே, பிரிக்காமல், அந்த எச்சில் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

பஞ்சநதம் வலது கையை மட்டும் கழுவிவிட்டு வந்து சலாஹுதீனின் வண்டியில் ஏறினார். மடியில் இருந்த துணிப்பைக்குள் இழைப்புளி வயிற்றில் இடித்தது. "அண்ணே, பந்தியில மட்டும் மூணு பேரு உங்க நம்பர் வாங்கினாங்க. பேரு சொல்லித்தான் கேட்டாங்க" என்றான் சலாஹுதீன். பஞ்சநதம் தலையை ஆட்டினார். பாயசம் சொட்டிய இடது கை விரலை அவர் இன்னும் கழுவாமல் வைத்திருந்தார்.